தொடக்கப்பள்ளிக்குச் சேவைக்குப் போகும் கல்லூரி மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்த கல்லூரி மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம் இது. மாணவர் ஊருக்குள் போய் வேலை செய்து, அந்த வேலையிலிருந்தே கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை எண்ணம். மரக்கன்று நடுவது, ரத்ததான முகாம், விழிப்புணர்வுப் பேரணி எல்லாம் இதில் வரும். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிப்புச் சொல்லிக்கொடுக்கும் வேலையும் வரும். அதில் தப்பு நடந்தால் பாதிக்கப்படுவது ஏழெட்டு வயதுப் பிள்ளை. அதனால் மற்ற பணிகளைவிட இதற்குக் கூடுதல் கவனம் வேண்டும். திட்ட அலுவலராக மாணவர்களை அனுப்பி, அவர்கள் எழுதிவரும் குறிப்புகளைப் படிக்கிறேன். அதில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் தவறுகளை இங்கே சொல்கிறேன்.

கேட்காமலே திட்டம் போடுவது

"நாங்க ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கலாம்னு இருக்கோம் சார்" என்று போய் நின்றால் எந்தத் தலைமையாசிரியரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். கல்லூரியிலிருந்து வந்திருக்கிறார்களே என்ற மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார். அதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளலாம், தேவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். பெரும்பாலும் அதில் ஒருவர்தான் தலைமையாசிரியர். ஐந்து வகுப்புகளையும் அந்த இருவரே பார்க்கிறார்கள். ஒருவர் வட்டார வள மையத்துக்குப் பயிற்சிக்குப் போய்விட்டால் மற்றவர் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பள்ளியில் இருபது பேர் ஒரே பஸ்ஸில் போய் இறங்கினால் அன்றைக்குப் பாடமே நடக்காது. நான்கு பேர் போதும். முதல் இரண்டு முறை பின்வரிசையில் உட்கார்ந்து சும்மா பாருங்கள். அப்புறம் ஆசிரியரிடம், "எந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்தால் உங்களுக்கு உதவியாக இருக்கும்?" என்று கேளுங்கள். யாருக்கு எது வரவில்லை என்பது அவருக்கு அத்துப்படி. வாசிப்பும் அடிப்படைக் கணக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வரவேண்டும் என்று தமிழக அரசு நடத்தும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துத்தான் பாடம் நடக்கிறது. அந்த விவரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் பிள்ளை முகத்துக்கு நேரே "நீ இன்னும் அரும்பா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

தப்பான விடையை அடித்துவிட்டுப் போவது

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். ஒரு நான்காம் வகுப்புப் பையன் 52-இல் 27 போனால் 35 என்று எழுதுகிறான். கல்லூரி மாணவர் அதன்மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 25 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார். அந்த 35 கவனமில்லாமல் வந்த விடை இல்லை. ஒன்றாம் இடத்தில் 2-இல் 7 போகாது. அதனால் 7-இல் 2-ஐக் கழித்து 5 போட்டிருக்கிறான். பத்தாம் இடத்தில் 5-இல் 2 போக 3. பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்க வேண்டும் என்று கேட்டதை அப்படியே, ஒழுங்காகச் செய்திருக்கிறான். "எப்படிப் போட்டே, சொல்லு பார்ப்போம்" என்று கேட்டால் அவனே விளக்கிவிடுவான். கேட்கத்தான் ஆள் இல்லை.

"பக்கத்துல கடன் வாங்கு" என்ற பாட்டை அவன் மனப்பாடமாகச் சொல்லக்கூடும். வாங்கியது ஒன்று இல்லை, பத்து என்பதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை. இதற்கு ஈர்க்குச்சி போதும். பத்துப் பத்தாக ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு குச்சி. மொத்தம் 52. இதிலிருந்து 27 குச்சியை எடுத்துக் கொடு என்று அவனிடமே சொல்லுங்கள். ஏழு உதிரி வேண்டும், கையில் இருப்பதோ இரண்டு. கொஞ்ச நேரம் முழிப்பான். அந்த நேரத்தில் குறுக்கே பேசாமல் இருப்பதுதான் கல்லூரி மாணவருக்குக் கஷ்டம். பிறகு ஒரு கட்டின் ரப்பர் பேண்டை அவனே கழற்றுவான். உதிரி இப்போது பன்னிரண்டு. ஏழு போக ஐந்து. மீதி நான்கு கட்டில் இரண்டு போக இரண்டு.

பொறியியல் படிக்கும் மாணவிக்கு வகைக்கெழுச் சமன்பாடு தெரியும். கடன் வாங்குவது ஏன் பத்தாகிறது என்பதைச் சொற்களால் விளக்கச் சொன்னால் திணறுவார். அந்தத் திணறலில்தான் அவருக்கான படிப்பு தொடங்குகிறது. ஒரு விஷயத்தை இன்னொருவருக்குப் புரியும்படி உடைத்துக் கொடுக்க இங்கே பழகிய ஆள் பின்னாளில் அதிகாரியாகவோ மருத்துவராகவோ மக்கள் முன் உட்காரும்போது அந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

வாசிப்பிலும் இதே கதைதான். பாடத்தைக் கடகடவென்று வாசிக்கும் பிள்ளையின் விரல் எந்த வரியில் இருக்கிறது என்று பாருங்கள். வாய் நான்காவது வரியில், விரல் இரண்டாவது வரியில் இருந்தால் அது மனப்பாடம். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால் தெரிந்துவிடும். பல பிள்ளைகள் தடுக்கி நிற்பது கொம்பில். 'கொடி' என்பதில் கண்ணுக்கு முதலில் படுவது ஒற்றைக்கொம்பு, அதற்குப் பிறகு க, கடைசியில் துணைக்கால். க-வுக்கு இரண்டு பக்கமும் நிற்பதைச் சேர்த்து ஒரே ஒலியாக்க வேண்டும். நமக்கு அது பழகிப்போனதால் அதிலுள்ள சிக்கலே தெரிவதில்லை. "இதுகூடத் தெரியலையா?" என்று வாயில் வரும். விழுங்கிவிடுங்கள்.

இன்னொன்று, ஆசிரியர் சொல்லிக்கொடுத்த முறைக்கு மாறாக உங்களுக்குத் தெரிந்த குறுக்குவழியைக் கற்றுக்கொடுக்காதீர்கள். நீங்கள் வெள்ளிக்கிழமை போய்விடுவீர்கள். திங்கட்கிழமை குழம்பி நிற்பது அந்தப் பிள்ளைதான்.

வெகுளியாகக் கேட்கும் கேள்விகள்

"அப்பா என்ன வேலை பார்க்கிறார்?" என்று வகுப்பு முழுக்க எழுப்பி எழுப்பிக் கேட்பார்கள். அப்பா இல்லாத வீடும் இருக்கும், இருந்தும் வராத அப்பாவும் இருப்பார். "உங்க வீடு எந்தத் தெரு?" என்பது நகரத்தில் வளர்ந்தவருக்குச் சாதாரணக் கேள்வி. நம் கிராமங்களில் தெருவைச் சொல்வது சாதியைச் சொல்வதற்குச் சமம். எல்லார் முன்னாலும் ஒரு பிள்ளையை அதைச் சொல்லவைப்பது கொடுமை. என்ன விளையாடுவாய், யார் உன் பெஞ்சில் உட்காருவார் என்று கேட்டாலே பிள்ளைகள் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

கையில் சாதி அடையாளமாக வண்ணக் கயிறு கட்டியிருந்தால் கழற்றிவிட்டுப் போங்கள். மாணவர்கள் அப்படிக் கயிறு கட்டிவருவதைத் தடைசெய்ய வேண்டும் என்று ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு 2024 ஜூனில் தமிழக அரசிடம் அளித்த அறிக்கையிலேயே பரிந்துரை இருக்கிறது. பிள்ளைகளுக்கு நீங்கள் அண்ணன், அக்கா. உங்கள் கையில் கிடப்பது நாளைக்கு அவர்கள் கைக்கும் வரும். அதேபோல "பாவம், ஏழைப் பிள்ளைங்க" என்ற பேச்சு அவர்கள் காதில் விழவே கூடாது. எல்லாம் அவர்களுக்குப் புரியும்.

போட்டோ, பரிசு, சாக்லேட்

தலைமையாசிரியரும் பெற்றோரும் சம்மதிக்காமல் பிள்ளைகளின் முகம் தெரியும் படம் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போகக் கூடாது. நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்துக்கொண்டே கேமராவைப் பார்க்கும் படம் வேண்டவே வேண்டாம். போட்டி வைத்து முதல் மூன்று பேருக்குப் பரிசு கொடுத்தால், எப்போதும் வாங்கும் அதே மூன்று பேர்தான் வாங்குவார்கள். தின்பண்டம் எதுவானாலும் ஆசிரியரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் அசட்டை

எவ்வளவு நல்ல எண்ணம் இருந்தாலும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள். செல்பேசி எண் வாங்குவது, பைக்கில் வீட்டில் கொண்டுபோய் விடுவது இரண்டும் கூடாது. பழகிய பிறகு ஒரு பிள்ளை உங்களிடம் மனதைத் திறந்து ஏதாவது சொல்லலாம், அடி பற்றியோ அதைவிட மோசமான ஒன்றைப் பற்றியோ. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். துருவித் துருவி விசாரிக்கவும் வேண்டாம். சொன்னதை அதன் வார்த்தையிலேயே குறித்துக்கொண்டு அன்றைக்கே திட்ட அலுவலரிடமும் தலைமையாசிரியரிடமும் சொல்லுங்கள். புகார் பள்ளியில் இருப்பவர் மீதே என்றால் பள்ளியைத் தவிர்த்துவிட்டு வெளியே சொல்லுங்கள். பாலியல் குற்றம் என்று தெரிந்தால் அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி ஒவ்வொருவரின் கடமை. என்ன செய்வதென்று குழப்பமாக இருந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள்.

அறிக்கைக்காக எழுதுவது

"இது எங்களுக்கு மறக்க முடியாத அனுபவமாக அமைந்தது" என்ற வரி இல்லாத அறிக்கையைப் பார்ப்பதே அரிது. அதில் யாரும் எதையும் கற்றதாகத் தெரியவில்லை. பணிக் குறிப்பேட்டில் அன்றன்றைக்கு மூன்று விஷயம் எழுதினால் போதும்: எந்தப் பிள்ளை எங்கே தடுக்கியது, நீங்கள் என்ன செய்தீர்கள், அடுத்த முறை எதை மாற்றப்போகிறீர்கள். பெயர் வேண்டாம், முதலெழுத்து போதும். வாரம் ஒருமுறை நான்கு பேரும் உட்கார்ந்து அதைப் படித்துப் பேசுங்கள். பேராசிரியரும் கூட இருந்தால் இன்னும் நல்லது.

சொல்லாமல் நின்றுவிடுவது

செமஸ்டர் தேர்வு வந்ததும் போவது நின்றுவிடுகிறது. ஒவ்வொரு வெள்ளியும் வரும் அக்காவைப் பிள்ளைகள் வாசலில் எதிர்பார்த்து நிற்பார்கள். வர மாட்டார் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஏதோ தாங்கள் செய்த தப்பு என்றுகூட நினைத்துக்கொள்ளும் வயது அது. கடைசி நாள் எது என்பதைத் தொடங்கும்போதே சொல்லுங்கள். மூன்று வாரம் முன்னால் திரும்ப நினைவுபடுத்துங்கள். "சீக்கிரம் வருவேன்" என்று சும்மா சொல்லிவைக்காதீர்கள். குறிப்பேட்டின் நகல் ஒன்றை வகுப்பு ஆசிரியரிடம் கொடுங்கள். அடுத்து வரும் குழுவை ஒருநாள் கூட்டிப்போய்ப் பிள்ளைகளிடம் அறிமுகப்படுத்திவிட்டு வாருங்கள்.