யாழ்ப்பாணத்தில் நடைதூரச் சாப்பாடு: எந்த நேரத்தில் எது?

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகிறவர்கள் தங்குமிடம் தேடும்போது ஏசி இருக்கிறதா, வைஃபை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். காலையில் பத்து நிமிடம் நடந்தால் இடியப்பம் கிடைக்குமா என்று கேட்பவர்கள் குறைவு. பிறகு மூன்று நேரமும் ஓட்டோ பிடித்து, ஓட்டோக்காரத் தம்பி இறக்கிவிடுகிற பெரிய உணவகத்தில் பிரைட் ரைஸும் டெவில் சிக்கனும் சாப்பிட்டு, சீனியும் பிரஷரும் ஏறித் திரும்பி வருவார்கள். ஊரில் நல்ல சாப்பாடு கிட்டவாகவும் மலிவாகவும் இருக்கத்தான் செய்கிறது. என்ன, அது நாள் முழுக்கக் கிடைக்காது. இடியப்பத்துக்கு ஒரு நேரம், சோற்றுக்கு ஒரு நேரம், தோசைக்கு ஒரு நேரம். போனில் வரைபடத்தைப் பார்த்துத் தேடுவதைவிட மணிக்கூட்டைப் பார்த்துத் தேடினால் அதிகம் அகப்படும்.

முதலில் தங்குமிடம். நடந்து சாப்பிட நினைப்பவர்களுக்கு யாழ் பஸ் நிலையம், கஸ்தூரியார் வீதிப் பக்கம் வசதிதான், ஆனால் இரைச்சல். நல்லூர் அமைதி, ஆனால் கோயில் சுற்றாடலில் வெளிநாட்டுக்காரரை எதிர்பார்க்கிற கடைகள் கூடிவிட்டன. என்னைக் கேட்டால் திருநெல்வேலி. பல்கலைக்கழகப் பிள்ளைகளை நம்பி நடக்கிற கடைகள் பரமேஸ்வராச் சந்தியைச் சுற்றி இருக்கின்றன. மாணவர் சாப்பிடுகிற இடத்தில் விலையை ஒரு அளவுக்கு மேல் ஏற்ற முடியாது. சந்தையும் அங்கேயே. அம்மாச்சி உணவகமும் அங்கே இருக்கிறது.

அம்மாச்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் உள்ளூர்ப் பெண்களே சமைத்து விற்கிற இடம் அது. தெற்கில் ஹெல பொஜுன் என்ற பெயரில் இருப்பதும் இதே முறைதான். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவிலும் அம்மாச்சி உண்டு. கண்ணுக்கு முன்னால் தோசை வார்ப்பார்கள், வடை சுடுவார்கள். குரக்கன் பிட்டு, இலைக்கஞ்சி, பழச்சாறு என்று இன்றைய வீடுகளில் அருகிப்போன பலதும் கிடைக்கும். வரிசையில் நின்று நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டும், சிறு சிறு விலை. சீனி வருத்தக்காரர் நம்பிப் போகக்கூடிய இடங்களில் எனக்கு இதுதான் முதலாவது. ஆனால் இருட்டிய பிறகு அதை நம்பிப் புறப்பட வேண்டாம்.

காலைச் சாப்பாட்டில் ஒரு சூட்சுமம் உண்டு. கடை இடியப்பமும் பிட்டும் பல இடங்களில் கோதுமை மாவிலோ, அரிசி மாவோடு கோதுமை மா கலந்தோ அவிக்கப்படுகின்றன. வெள்ளை வெளேரென்று இருந்தால் கேளுங்கள்: "இது அரிசி மாவோ, கோதுமை மாவோ?" யாரும் கோபிக்க மாட்டார்கள். சிவப்பரிசி மா இடியப்பம் வேண்டுமென்றால் அதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது. கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிற வீடுகள் அநேகமாக எல்லா ஊரிலும் உண்டு. பக்கத்துப் பெட்டிக்கடையில், "அண்ணை, இஞ்ச கிட்டடியில இடியப்பம் அவிச்சுக் குடுக்கிற வீடு இருக்கோ?" என்று முதல்நாள் பின்னேரமே விசாரித்துச் சொல்லிவிட்டால், விடியச் சூடாக எடுக்கலாம். சொதியும் சம்பலும் சேர்த்துத் தருவார்கள். பேக்கரிப் பக்கம் போகிறவர்கள் ரோல்ஸ், பற்றிஸ், கட்லட் கண்ணாடிப் பெட்டியைத் தாண்டி நடக்கப் பழக வேண்டும். அங்கே காலைப் பசிக்குச் சரியானது பாணும் பருப்பும்தான், அதுவும் தினமும் வேண்டாம்.

மத்தியானம் 12 மணிக்கும் 2 மணிக்கும் இடையில். அதற்குப் பிந்தினால் கறிச்சட்டியில் எஞ்சியது கிடைக்கும், அல்லது ஒன்றும் கிடைக்காது. மரக்கறிச் சாப்பாடுதான் விலையில் குறைவு, வயிற்றுக்கும் நல்லது: கீரை, பருப்பு, கத்தரிக்காய், முருங்கைக்காய், ஒரு சம்பல். சோற்றுப் பார்சல் வாங்கினால் சோறு மலைபோல் இருக்கும், வெளிநாட்டுக்காரர் இரண்டு பேர் சாப்பிடலாம். "சோறு குறைச்சு, மரக்கறி கூடப் போடுங்கோ" என்று சொல்லுங்கள், பத்தோ இருபதோ கூடக் கேட்டாலும் கொடுக்கலாம். சிவப்பரிசிச் சோறு இருக்கிறதா என்றும் கேளுங்கள், பல கடைகளில் இரண்டும் வைத்திருப்பார்கள். நகருக்குள் நிற்கிறவர்களுக்கு மலாயன் கபே பழைய சைவக் கடை, வாழையிலையில் பரிமாறுவார்கள். வடமராட்சியில் தொண்டைமானாற்றுப் பக்கம் தங்குகிறவர்கள் செல்வச்சந்நிதிக்கு நடக்கலாம். அங்குள்ள முருகனுக்கு அன்னதானக் கந்தன் என்றே பேர். சாப்பிட்டுவிட்டு ஏதாவது உண்டியலில் போட்டுவிட்டு வாருங்கள்.

பின்னேரம் மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை வெறும் காலம். வெயிலும் கடும், கடைகளும் தூக்கம். இந்த நேரத்துக்குப் பழம் வாங்கி வைத்திருப்பது நல்லது. திருநெல்வேலி, சுன்னாகம், சாவகச்சேரிச் சந்தைகளில் கதலி, இதரை வாழைப்பழங்களைக் கிலோக் கணக்கில் நிறுத்துத் தருவார்கள். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்கு வைகாசி, ஆனி. பனங்கிழங்குக்கு மார்கழி, தை. அவித்த பனங்கிழங்கு நார்ச்சத்து நிறைந்தது, பையில் போட்டுக்கொண்டு நடக்கவும் தோது. வெட்டி வைத்த பழத்தை விட்டு நீங்களே தோலுரிக்கிற பழமாக வாங்குங்கள். மென்பானம் வாங்கினால் போத்தலில் உள்ள நிற அடையாளத்தைப் பாருங்கள்: சீனி எவ்வளவு என்பதைச் சிவப்பு, மஞ்சள், பச்சையால் காட்டும் முறை 2016 முதல் நாட்டில் இருக்கிறது. இளநீர் கிடைக்கிற ஊரில் அந்தப் போத்தல் எதற்கு என்பது வேறு கதை. தேத்தண்ணிக்குச் சீனியைத் தனியாகத் தரச் சொல்லாவிட்டால் பாணியாகத்தான் வரும்.

இரவு கொத்துரொட்டிச் சத்தம் உங்களைக் கூப்பிடும். ஒரு நாள் போங்கள், போகாமல் ஊர் போன மாதிரி இருக்காது. மற்ற நாட்களுக்குத் தோசை, இடியப்பம், பிட்டு. சந்திக் கடைகளில் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு தோசைக்கல் சூடாகும். எட்டு மணிக்குள் போனால் புதிதாக வரும், கூட்டமும் இருக்கும். கூட்டமுள்ள கடையில் சாப்பாடு தேங்கி நிற்காது என்பதால் வயிற்றுக்கும் அது பாதுகாப்பு. நல்லூர்த் திருவிழாக் காலத்தில், ஆடி ஆவணியில் வரும் அந்த 25 நாளும், கோயிலைச் சுற்றிச் சைவம்தான். சனமும் விலையும் சேர்ந்தே ஏறும், ஒரு சந்தி தள்ளி நடந்தால் குறையும்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் வீரம் காட்ட வேண்டாம். குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணாம்புப் பாறையில் உள்ளவை, உரத்தால் நைத்திரேற்றுக் கலந்த கிணறுகளும் உண்டு. சிறுவயதில் குடித்தோமே என்று இப்போது குடித்தால் வயிறு ஒத்துக்கொள்ளாது. எஸ்எல்எஸ் (இலங்கைத் தரக் கட்டளை) முத்திரையுள்ள போத்தல் தண்ணீர்தான் நல்லது. கொதித்தாறியது கிருமிக்குப் பரிகாரம், நைத்திரேற்றுக்கு அல்ல. போத்தலில் உச்ச விலை அச்சடித்திருக்கும், அதற்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. கையில் 100, 500 தாள்கள் இருக்கட்டும். 5000 ரூபாத் தாளை நீட்டினால் இடியப்பக்கார அக்கா மாற்றுக்காக நாலு வீடு ஏறி இறங்க வேண்டிவரும்.

நடப்பதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்தவர் வீதியில் நடந்தால் சொந்தக்காரருக்குப் பொறுக்காது. "என்ன, நடந்தோ வந்தனீங்கள்?" என்று கேட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுப்பார்கள். டொக்டர் நடக்கச் சொன்னவர் என்றால் விட்டுவிடுவார்கள். விருந்துக்கு அழைத்தால் கோழியும் இறாலும் நிச்சயம். அழைக்கும்போதே, "மாமி, எனக்கு ஒடியல் கூழ் காய்ச்சித் தாங்கோ" என்று கேட்டுவிடுங்கள். காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற அந்தக் கூழைக் கேட்டால் அவர்களுக்கும் சந்தோசம்.

கொழும்பில் ஒரு இரவு நிற்க வேண்டிவந்தால் வெள்ளவத்தையில் நில்லுங்கள், காலி வீதியில் நடந்தே தோசையும் இடியப்பமும் எடுக்கலாம். ஏ9 வீதியால் யாழ்ப்பாணத்துக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு, வழியில் பஸ் நிற்கிற சாப்பாட்டுக்கடையில் என்ன இருக்குமென்று சொல்ல முடியாது. ஆகவே ஒரு பார்சலைக் கையோடு எடுத்துக்கொண்டு ஏறுங்கள். முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் நிற்கும்போது இறங்கிக் கச்சான் வாங்குங்கள், எண்ணெய்ப் பலகாரத்தைவிட அது எவ்வளவோ மேல்.