கண்டக்டரைக் கேட்காமல் சரியான ஸ்டாப்பில் இறங்குவது: பார்வையற்றவர்களுக்கான ஜிபிஎஸ் செய்முறை

டவுன் பஸ்ஸில் ஏறியதும் நம்மில் பலர் செய்கிற முதல் வேலை, "அண்ணே, குரோம்பேட்டை வந்தா கொஞ்சம் சொல்லுங்க" என்று கண்டக்டரிடம் சொல்லி வைப்பது. அவரும் நல்ல மனிதர்தான். ஆனால் டிக்கெட், சில்லறை, படிக்கட்டில் தொங்குகிற பையன்கள் என்று அவருக்கு ஆயிரம் வேலை. பல்லாவரம் நெருங்கும்போதுதான் நம் ஞாபகம் வரும். போன் சட்டைப்பையில் இருக்கும்போது இந்தப் பாடு தேவையில்லை. என் வழிமுறையைக் கீழே எழுதியிருக்கிறேன். ஆண்ட்ராய்டு போன், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக், கூகுள் மேப்ஸ், வாட்ஸ்அப், இவ்வளவுதான் வேண்டும். டாக்பேக்கில் ஸ்வைப் பண்ணவும் டபுள் டேப் பண்ணவும் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. அனுமதியைச் சரிபாருங்கள்

ஆண்ட்ராய்டு 12 முதல், ஒரு ஆப் லொகேஷன் அனுமதி கேட்கும்போது 'பிரிசைஸ்', 'அப்ராக்சிமேட்' என்று இரண்டு வகை காட்டும். பார்க்கிறவர்களுக்கு அது இரண்டு வட்டப் படம். நாம் அவசரமாக ஸ்வைப் பண்ணிக்கொண்டே போனால் இரண்டாவதில் தட்டிவிட வாய்ப்பு உண்டு. அப்படித் தட்டிவிட்டால் போன் நம் ஏரியாவை மட்டும் சொல்லும், தெருவைச் சொல்லாது. "என் போன்ல ஜிபிஎஸ் சரியில்ல" என்று சொல்கிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள். அப்படியே மேப்ஸுக்கு பேட்டரி சேவரிலிருந்து விலக்கும் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஸ்கிரீன் அணைந்த கொஞ்ச நேரத்தில் அதுவும் தூங்கிவிடலாம்.

2. காது

இரண்டு காதையும் அடைக்கிற இயர்போன் வேண்டாம். ரோட்டில் நமக்குக் காதுதான் கண். எலும்பு வழியாகச் சத்தம் கடத்துகிற ஹெட்போன் அருமையாக இருக்கும், விலைதான் இடிக்கும். கட்டுப்படியாகாதவர்களுக்கு ஒரு காதில் மட்டும் சாதாரண வயர் இயர்போன் போதும். ப்ளூடூத்தைவிட வயரே எனக்குப் பிடிக்கும். கூட்டத்தில் கழன்றாலும் கழுத்தில் தொங்கும், தரையில் தடவித் தேட வேண்டியதில்லை.

3. உங்கள் புள்ளியை நீங்களே குறியுங்கள்

முக்கியமான படி இதுதான். மேப்பில் ஓர் ஆஸ்பத்திரி பெயரைத் தேடினால் வருகிற புள்ளி, பெரும்பாலும் கட்டடத்தின் நடுவில் இருக்கும், வாசலில் இருக்காது. "நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்று போன் சொல்லும்போது நீங்கள் பின்பக்கத்துச் சந்தில் காம்பவுண்டுச் சுவரைத் தொட்டுக்கொண்டு நிற்கலாம். பார்க்கிறவர் அந்தக் கடைசிப் பத்து மீட்டரைக் கண்ணால் முடித்துக்கொள்வார். நமக்கு அந்தப் பத்து மீட்டர்தான் மொத்தப் பயணமும்.

அதனால் அடிக்கடி போகிற இடங்களுக்கு ஒரு முறை துணையோடு போங்கள். கேட்டுக்கு எதிரே, வானம் திறந்திருக்கிற இடத்தில் நின்று இப்படிச் செய்யுங்கள்:

வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே மெசேஜ் அனுப்பிக்கொள்ளும் சாட்டைத் திறந்து, அட்டாச், லொகேஷன் என்று போங்கள். தற்போதைய இடத்தை அனுப்பும் பட்டன் மேல் விரல் வைத்தால், எத்தனை மீட்டர் வரை துல்லியம் என்பதையும் டாக்பேக் சேர்த்துப் படிக்கும். இந்த எண்ணுக்காகத்தான் நான் வாட்ஸ்அப்பை விடாமல் இருக்கிறேன். திறந்தவுடன் 40 என்றோ 60 என்றோ சொல்லும். அப்போது அனுப்பாதீர்கள். கொஞ்ச நேரம் நின்று மறுபடி தொட்டுப் பாருங்கள். ஒற்றை இலக்கத்துக்கு வந்த பிறகு அனுப்புங்கள். திறந்த வானத்தில் நல்ல போன் சுமார் 5 மீட்டர் வரை வரும். இருபக்கமும் உயரமான கட்டடம் இருந்தால் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் எண் இறங்க அடம் பிடிக்கும்.

அனுப்பியதும் கீழேயே ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுவிடுங்கள். "ஆஸ்பத்திரி முன்கேட். ஏறும்போது ஒரு சிமெண்ட் சரிவு, வலப்பக்கம் ஜெனரேட்டர் கூண்டு, இடப்பக்கம் ஜூஸ் கடை மிக்ஸி சத்தம்." ஐந்து மீட்டர் துல்லியம் என்றால் சின்னத் தெருவில் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதுகூடத் தெரியாது. அந்த மிச்சத்தை நிரப்புவது இந்த வாய்ஸ் மெசேஜ்தான்.

பிறகு வீட்டுக்கு வந்து அந்த லொகேஷனைத் தொட்டு மேப்ஸில் திறந்து, சின்னப் பெயர் வைத்துச் சேமியுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை நோட்ஸிலும் ஒரு நகல் போட்டு வையுங்கள். தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் வேண்டும், அது சுமார் ஒரு மீட்டர் அளவு. நான்கோடு நிறுத்தினால் பதினொரு மீட்டர் ஆகிவிடும். சென்னைக்காரர்களுக்கு முதல் எண் 12 அல்லது 13-லும் அடுத்தது 80-லும் தொடங்கும். மதுரை என்றால் 9-ம் 78-ம்.

எதற்கு இந்த நகல் என்று கேட்பீர்கள். மைக்ரோசாப்ட் 2018-இல் 'சவுண்ட்ஸ்கேப்' என்று ஐபோனுக்கு ஓர் ஆப் விட்டது. நாம் போக வேண்டிய இடம் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையிலிருந்தே காதில் சத்தம் வரும். உலகம் முழுக்கப் பார்வையற்றவர்கள் அதைக் கொண்டாடினார்கள். 2023-இல் நிறுத்திவிட்டார்கள். நிரல்மூலத்தைப் பொதுவில் வைத்ததால் மற்றவர்கள் அதிலிருந்து புது ஆப்கள் செய்திருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். ஆப் இன்றைக்கு இருக்கும், நாளைக்குப் போகும். புள்ளிகள் உங்கள் கையில் இருக்கட்டும்.

பஸ் ஸ்டாப்புகளுக்கும் இதே வேலைதான். போகும்போது இறங்குகிற ஸ்டாப்பும் வரும்போது ஏறுகிற ஸ்டாப்பும் எதிரெதிரே இருக்கும் என்று நம்பாதீர்கள். ஜிஎஸ்டி ரோட்டில் ஒன்றுக்கொன்று நல்ல தூரம் தள்ளி இருக்கிறவையும் உண்டு. இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

4. பஸ்ஸுக்குள்

முடிந்தால் ஜன்னலோரம் உட்காருங்கள், சிக்னல் நன்றாகக் கிடைக்கும். போன் மட்டும் சட்டைப்பையிலேயே இருக்கட்டும், ஜன்னல் பக்கம் கையில் பிடிக்காதீர்கள்.

மேப்ஸில் பஸ் வழியைப் போடாமல், கார் வழியைப் போட்டு நேவிகேஷனைத் தொடங்குங்கள். நம்ம ஊர் டவுன் பஸ் நேர விவரங்களை நம்பி உட்கார முடியாது. கார் வழி என்றால் மீட்டர் கணக்கில் தூரம் சொல்லிக்கொண்டே வரும். கூட்டமான பஸ் என்றால் உங்கள் ஸ்டாப்புக்கு முந்தின ஸ்டாப்பை இலக்காக வையுங்கள். அது வந்ததும் எழுந்து படிக்கட்டுப் பக்கம் நகர நேரம் கிடைக்கும். தொடங்கியதும் ஸ்கிரீனை லாக் பண்ணிவிடுங்கள், குரல் தொடர்ந்து வரும்.

பஸ் வேறு வழியில் திரும்பினால் "யூ-டர்ன் எடுக்கவும்" என்று கத்தும். டிரைவரிடம் போய்ச் சொல்லவா முடியும்? விட்டுவிடுங்கள், தானே புது வழி போட்டுக்கொள்ளும். கத்திப்பாரா மாதிரி மேம்பாலங்களில் நாம் மேலே போகிறோமா கீழே போகிறோமா என்பது அதற்குக் குழப்பம். கொஞ்ச நேரம் உளறும். பஸ் ஏறுவதும் இறங்குவதும் உங்கள் உடம்புக்கே தெரியும், அதை நம்புங்கள்.

5. இறங்கியதும் எந்தப் பக்கம்?

ஆரம்பத்தில் எல்லாரையும் குழப்புவது இந்த இடம்தான். "வடகிழக்கு நோக்கிச் செல்லவும்" என்று போன் சொல்லும். வடகிழக்கு எது?

ஜிபிஎஸ்ஸுக்கு நாம் நிற்கிற இடம் தெரியும், முகம் எந்தப் பக்கம் என்று தெரியாது. திசையை அது இரண்டு வகையில் அறிகிறது. நாம் நடந்தால் புள்ளி நகர்வதை வைத்து. நின்றால் போனுக்குள் இருக்கிற காந்த உணரியை வைத்து. அந்த உணரியை ஏமாற்றுவது சுலபம். பஸ்ஸின் உடம்பு, நிழற்குடையின் இரும்புத் தூண் எல்லாம் அதைத் திருப்பிவிடும். மூடித் திறக்கிற ஃபிளிப் கவரில் காந்தம் இருந்தால் போச்சு, எப்போதுமே தப்பாகச் சொல்லும். அந்தக் கவரைத் தூக்கிப் போடுங்கள். தூணிலிருந்து விலகி நின்று போனைக் காற்றில் எட்டு வரைவதுபோல் சில தடவை அசைத்தால் உணரி சரியாகும்.

ஆனால் எந்தக் கருவியும் இல்லாமலே திசை கிடைக்கும். நம் நாட்டில் பஸ்ஸின் இடப்பக்கம்தான் இறங்குவோம். இறங்கி, பஸ்ஸுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். பஸ் போகிற திசை உங்கள் வலது கைப்பக்கம், வந்த திசை இடது கைப்பக்கம். தாம்பரத்திலிருந்து கிண்டி போகிற பஸ்ஸில் குரோம்பேட்டையில் இறங்கினால் வலது கை பல்லாவரம் பக்கம், இடது கை தாம்பரம் பக்கம். ஸ்டாப்பைத் தாண்டி நிறுத்தினாரா, முன்னாலேயே நிறுத்தினாரா என்பதை போனில் பார்த்து, வலமா இடமா என்று முடிவு செய்யலாம். காலை வேளை என்றால் முகத்தில் வெயில் அடிக்கிற பக்கம் கிழக்கு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது நடைவழியைப் போட்டு, பதினைந்து இருபது தப்படி நடந்து, மீதித் தூரம் குறைகிறதா கூடுகிறதா என்று கேளுங்கள். கூடினால் திரும்புங்கள். மேப்ஸ் செட்டிங்ஸில் நடைக்கான விரிவான குரல் வழிகாட்டுதல் என்று ஒரு வசதி உண்டு. 2019 அக்டோபரில் உலகப் பார்வை தினத்தன்று வந்தது, முதலில் அமெரிக்காவில் ஆங்கிலத்திலும் ஜப்பானில் ஜப்பானிய மொழியிலும் மட்டும். உங்கள் போனில் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

மூடியில்லாத சாக்கடை, பிளாட்பாரத்தில் நிறுத்திய பைக், நேற்று தோண்டிய குழி எதுவும் செயற்கைக்கோளுக்குத் தெரியாது. ஸ்டிக் இல்லாமல் ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பி வெளியே போகாதீர்கள். கிளாம்பாக்கம் மாதிரி பெரிய கூரை போட்ட பஸ் நிலையங்களுக்குள்ளும் புள்ளி அங்குமிங்கும் குதிக்கும். அங்கே போனை உள்ளே வைத்துவிட்டு ஆளைக் கேட்பதே சீக்கிரம்.

இந்த ஐந்து மீட்டர் துல்லியமே ஒரு காலத்தில் நமக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. இடம் நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000 மே மாதம் அதை நிறுத்தினார்கள்.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தது

"டாக்பேக்கும் மேப்ஸும் ஒரே நேரத்தில் பேசுகின்றன, ஒன்றும் புரியவில்லை" என்று நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். டாக்பேக் செட்டிங்ஸில், அது பேசும்போது மற்றச் சத்தங்களைக் குறைக்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டால் டாக்பேக் தெளிவாகக் கேட்கும், ஆனால் மேப்ஸ் சொல்வது அமுங்கும். என் வழி, நேவிகேஷன் ஓடும்போது ஸ்கிரீனைத் தொடாமல் இருப்பதுதான்.

இராத்திரி ரயிலைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு 'வேர் இஸ் மை டிரெயின்' போதும். இன்டர்நெட்டும் ஜிபிஎஸ்ஸும் இல்லாமல் செல்போன் டவரை வைத்தே ரயில் இருக்கிற இடத்தைச் சொல்லும், இறங்க வேண்டிய ஸ்டேஷனுக்கு அலாரமும் வைக்கலாம். பிளாட்பாரம் எந்தப் பக்கம் வரும் என்பதைப் பக்கத்து சீட்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் தனியாக விட மாட்டேன் என்கிறார்கள் என்றால், வாட்ஸ்அப் லைவ் லொகேஷனை ஒரு மணி நேரத்துக்குப் பகிர்ந்துவிட்டுக் கிளம்புங்கள். 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று மூன்று அளவு உண்டு. எட்டு மணி நேரத்தைத் தேர்ந்தெடுத்தால் பேட்டரி காலியாகும், அம்மா போன் பண்ணுவதும் நிற்காது.