செட்டிநாட்டு வீட்டில் ஒரு மைனிங் போர்டு: பூட்டுவதும் இணைப்பதும்

காரைக்குடிப் பக்கம் இருந்துகொண்டு, சொந்தமாக ஒரு பிட்காயின் மைனிங் போர்டை ஓட்டிப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு இந்தப் பதிவு. மைனிங் என்பது, பிட்காயின் கணக்கேட்டின் அடுத்த பிளாக்கை, அதாவது அடுத்த பக்கத்தை, யார் முதலில் சேர்ப்பது என்று கம்ப்யூட்டர்கள் விடை ஊகித்துப் போடும் போட்டி. எடுத்துக்கொண்டிருப்பது பிட்ஆக்ஸ் காமா. ஓப்பன் சோர்ஸ் வடிவமைப்பு என்பதால் சர்க்யூட் கோப்புகளை இறக்கி யாரும் போர்டு அடித்துக்கொள்ளலாம். ஒரே ஒரு பிஎம்1370 சிப், அதை மேய்க்க ஈஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள சின்னக் கண்ட்ரோலர். வேகம் சுமார் 1.2 டெராஹாஷ், அதாவது நொடிக்கு 1.2 லட்சம் கோடி ஊகம்.

"இதுல என்ன வட்டி வரும்?" என்று வீட்டில் ஆச்சி கேட்பார்கள். லாட்டரிச் சீட்டு என்று சொல்லிவிடுங்கள். உலகம் முழுக்க ஓடும் மொத்த நெட்வொர்க்கின் வேகம் ஆயிரம் எக்ஸாஹாஷை ஒட்டி. ஒரு எக்ஸா என்பது 10 லட்சம் டெரா. பிளாக் அடித்தால் 3.125 பிட்காயின்தான், ஆனால் அடிக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் செலவு பயப்படும்படி இல்லை. 18 வாட் என்றால் இரண்டு மாத பில்லில் 26 யூனிட் கூடும்.

படி 1: போர்டு

முதல் போர்டிலேயே சிப்பை நீங்களே சால்டர் செய்ய வேண்டாம். கால்கள் எல்லாம் சிப்புக்கு அடியில் இருக்கும். பேஸ்ட், ஸ்டென்சில், ஹாட் பிளேட் மூன்றிலும் கை பழகியிருக்க வேண்டும். பாகங்கள் பொருத்திய போர்டாக வாங்கி, மீதியை நீங்கள் பூட்டுங்கள்.

படி 2: பவர்

போர்டு செத்துப்போவது பெரும்பாலும் இங்கேதான். இதற்கு வேண்டியது 5 வோல்ட், 6 ஆம்ப் அடாப்டர். வீட்டில் கிடக்கும் ரவுட்டர் அடாப்டர் 12 வோல்ட்டாக இருக்கும். அதன் சொருகும் முனையும் இதில் கச்சிதமாக நுழையும், நுழைந்தால் கதை முடிந்தது. அடாப்டர் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வையுங்கள். யுஎஸ்பி துளை ஃபர்ம்வேர் (போர்டின் உள் மென்பொருள்) ஏற்ற மட்டுமே.

சொருகுவதற்கு முன் மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து, 5 வோல்ட் உள்ளீட்டையும் கிரவுண்டையும் தொட்டுப் பாருங்கள். விடாமல் பீப் அடித்தால் ஷார்ட், பவர் கொடுக்காதீர்கள். உள்ளே ரெகுலேட்டர் அந்த 5 வோல்ட்டை சுமார் 1.15 ஆக இறக்கி, சிப்புக்கு 12 ஆம்புக்கு மேல் தள்ளுகிறது. பழைய வீட்டு வயரிங் என்றால் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

படி 3: சூடு

சிப் மேல் தெர்மல் பேஸ்டை மெலிதாகத் தடவி, ஹீட்சிங்க்கை வையுங்கள். ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஒரு பக்கமே இறுக்கினால் சிப்பின் ஓரம் உடையும். ஃபேனைச் சொருகாமல் ஒரு நிமிஷம்கூட ஓட்டாதீர்கள்.

வைக்க நல்ல இடம் வளவு. நிழலும் உண்டு, காற்றும் உண்டு. முற்றத்துச் சாரல் தெறிக்காத தூரத்தில் வையுங்கள். மேல்மாடி அறை சித்திரை வெயிலுக்கு ஆகாது. திரையில் சிப் சூடு 60 டிகிரியை ஒட்டி நின்றால் நல்லது. 70-ஐ நெருங்கினால் சிப்பின் ஃப்ரீக்வன்சியை 525 மெகாஹெர்ட்ஸிலிருந்து இறக்குங்கள்.

படி 4: இணைப்பு

பவர் கொடுத்ததும் போனில் 'பிட்ஆக்ஸ்' என்று தொடங்கும் வைஃபை தெரியும். அதில் சேர்ந்து பிரவுசரில் 192.168.4.1 போட்டு, உங்கள் வீட்டு வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே எடுக்கும். முகப்பில் ரவுட்டர் இருந்தால் நம் வீட்டுச் சுவர்களைத் தாண்டி இரண்டாம் கட்டுக்கு சிக்னல் தேறாது. நடுவில் ஒரு எக்ஸ்டெண்டர் போடுங்கள்.

பிறகு பூல், அதாவது போர்டுக்கு வேலை கொடுக்கும் சர்வர். தனி ஆளாக ஆடுபவர்களுக்கான சோலோ சிகேபூல் என்றால் போர்ட் எண் 3333. யூசர் இடத்தில் உங்கள் பிட்காயின் முகவரி, ஒரு புள்ளி, அதன்பின் போர்டுக்கு ஒரு பெயர். இரண்டு மூன்று போர்டு வைத்தால் ஆங்கில எழுத்தில் 'முகப்பு', 'பட்டாலை' என்று பெயரிடுங்கள்; எது நின்றது என்று உடனே தெரியும். வாலட்டின் ரகசியச் சாவியான 12 சொற்களை எந்தக் கட்டத்திலும் போடாதீர்கள். சேமித்து ரீஸ்டார்ட் செய்தால், சில நிமிஷங்களில் ஷேர் எண்ணிக்கை, அதாவது போர்டு வேலை செய்ததற்கான கணக்கு, ஏறத் தொடங்கும். ஹாஷ்ரேட் (போர்டின் வேகம்) பூஜ்யத்திலேயே நின்றால் முதலில் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள்.

ஒருவேளை காசு வந்து விற்றால், லாபத்துக்கு 30 சதவீத வரி. மைனிங் கருவிச் செலவைக் கழிக்க முடியாது. ஆடிட்டரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.