செக் என்ஜின் லைட்: பாகம் மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

பழைய பெட்ரோல் காரில் மஞ்சள் என்ஜின் விளக்கு எரிந்ததும் பலரும் சொல்வது, "சென்சார் போயிடுச்சு." பல நேரம் சென்சார் நன்றாகத்தான் இருக்கும். அதற்குப் போகும் ஒயரோ, காற்று கசியும் ஹோஸோதான் காரணமாக இருக்கும். அதனால் பர்ஸைத் திறக்கும் முன் பானெட்டைத் திறங்கள்.

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துங்கள். ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் சைலன்சர் பக்கம் போகிறது என்று அர்த்தம். அது, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் எரிந்து, உள்ளே இருப்பதை உருக்கிவிடும். விளக்கு நிலையாக எரிந்தால், வண்டி ஓட்டத்தில் மாற்றம் இல்லாதவரை நிதானமாக வீடு வந்து சேரலாம்.

தேவையான கருவி, கார் கணினி பதிந்து வைத்த கோளாறு கோட்டைப் போனில் காட்டும் ஈஎல்எம்327 ப்ளூடூத் அடாப்டர். சில நூறு ரூபாய்தான். ஐபோன் என்றால் வைஃபை வகை வாங்குங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும். அதில் செருகி, சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, டார்க் (Torque) போன்ற ஒரு ஆப்பில் இணையுங்கள். ஏப்ரல் 2013-க்கு முந்தைய வண்டிகள் சிலவற்றில் இது இணையாமல் போகலாம்.

வரும் கோட் நம்பரையும் 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' விவரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கோளாறு நடந்தபோது என்ஜின் எத்தனை ஆர்பிஎம்மில், எவ்வளவு சூட்டில் இருந்தது என்பது அதில் இருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். பேட்டரி ஒயரைக் கழற்றினாலும் போய்விடும். எனவே அழிப்பது கடைசி வேலை.

கோட் எதுவானாலும் முதலில் ஒயர்களைப் பாருங்கள். பெங்களூரு அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்களில் எலித்தொல்லை அதிகம். ராத்திரி சூடு ஆறாத என்ஜின் மேல் ஏறி ஒயரைக் கடிக்கும். கடித்த இடத்தை முறுக்கி டேப் சுற்றினால் நிற்காது. ஈயம் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். ஆக்சிஜன் சென்சார் ஒயரில் மட்டும் ஈயம் வேண்டாம். பல சென்சார்கள் ஒப்பீட்டுக்கான வெளிக்காற்றை அந்த ஒயர் இழைகளின் இடுக்கு வழியாகத்தான் எடுக்கின்றன. அங்கே கிரிம்ப் செய்வதே, அதாவது உலோகக் குழலில் ஒயரை நெரித்து இணைப்பதே சரி.

பி0301 முதல் பி0304 வரை வந்தால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. கடைசி எண்தான் சிலிண்டர். சமீபத்தில் வாட்டர் வாஷ் செய்திருந்தால் பிளக் குழியில் தண்ணீர் நிற்கிறதா பாருங்கள். பிளக்குக்குப் பொறி தரும் காயில் ஒவ்வொன்றுக்கும் தனியாக உள்ள வண்டியில், பி0302 வந்திருந்தால், என்ஜினை அணைத்து, இரண்டாவது காயிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றுங்கள். பி0302 இப்போது பி0303 ஆனால் காயில்தான் கோளாறு. மாறாவிட்டால் பிளக்கை இதேபோல் மாற்றிப் பாருங்கள். என்ஜின் நன்றாக ஆறியபின், முதல் சில மரைகளைக் கையால் ஏற்றுங்கள். அப்போதும் அதே எண் என்றால் இன்ஜெக்டரோ கம்ப்ரஷனோ, மெக்கானிக் வேலை.

பி0171 என்றால் பெட்ரோலுக்குக் காற்று அதிகம். ஆப்பில் 'லாங் டேர்ம் ஃப்யூயல் ட்ரிம்' பாருங்கள்; கார் கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பது அது. ஐட்லிங்கில் 10 சதவீதத்தைத் தாண்டி, 2500 ஆர்பிஎம்மில் குறைந்தால் வேக்கம் ஹோஸில் கசிவு. ஒவ்வொரு ஹோஸாகப் பிளையரால் மெதுவாக நெரியுங்கள்; ஐட்லிங் மாறும் இடத்தில் தேடுங்கள். ஆர்பிஎம் ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் போங்கள்.

என்ஜினுக்குப் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரைச் சந்தேகித்தால், என்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து ரீடிங் பாருங்கள். 100 கிலோபாஸ்கல் வரவேண்டும் என்பது சென்னைக்குச் சரி. பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரம். இங்கே 90, 91 வந்தால் சென்சார் சரியாகவே வேலை செய்கிறது. இதைத் தெரியாமல் நல்ல சென்சாரைத் தூக்கிப் போடாதீர்கள்.

பி0420 என்றால் கேட்டலிடிக் கன்வர்ட்டர் (கேட்டலிஸ்ட்) சரியாக வேலை செய்யவில்லை என்று கணினி நினைக்கிறது. உடனே அதை மாற்ற வேண்டாம். முன்பக்க எக்ஸாஸ்ட் கேஸ்கெட் கசிகிறதா, பழைய மிஸ்ஃபயர் தீர்க்கப்படாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கேட்டலிஸ்ட்டை எடுத்துவிட்டு வெறும் பைப் வைக்கும் யோசனைக்கு இசையாதீர்கள். அது சட்டவிரோதம், ஊர்க் காற்றுக்கும் கேடு.

சரிசெய்தபின் கோட்டை அழித்து, சில நாள் வழக்கம்போல் ஓட்டுங்கள். அதே எண் திரும்பி வந்தால் ஸ்கிரீன்ஷாட்களோடு மெக்கானிக்கிடம் போங்கள். கார் பாகக் கடைகள் நிறைந்த பெங்களூரு ஜே.சி. ரோட்டில் பாகம் வாங்க நேர்ந்தால் பழைய பாகத்தையே கொண்டுபோய், அதிலுள்ள பார்ட் நம்பரோடு ஒத்துப்பார்த்து வாங்குங்கள்.