மக்காச்சோளம் விதைக்கும் தேதியை வெப்பக் கணக்கால் முடிவு செய்வது

மக்காச்சோளம் நாட்களை எண்ணி வளர்வதில்லை. சேரும் வெப்பத்தை வைத்தே வளர்கிறது. அன்றைய அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலைகளின் சராசரியில் 10 டிகிரி செல்சியஸைக் கழியுங்கள். வருவதே அந்த நாளின் வெப்ப அலகு. அதிகபட்சம் 30-ஐத் தாண்டினால் 30 என்றும், குறைந்தபட்சம் 10-க்குக் கீழே போனால் 10 என்றும் கொள்ளுங்கள்.

முளை வெளிவர ஏறத்தாழ 65 அலகு வேண்டும். பகல் 34, இரவு 22 என்றால் நாளுக்கு 16 அலகு. நாலைந்து நாளில் முளைத்துவிடும். பகல் 22, இரவு 10 என்றால் 6 அலகுதான், 11 நாள் இழுக்கும். அதற்குள் ஈரமண்ணில் விதை அழுகக்கூடும். முளைத்தவையும் ஒரே சீராக இரா. 5 செ.மீ. ஆழத்தில் காலை மண் வெப்பம் 10-ஐத் தாண்டி, ஏறுமுகமாகவும் இருக்கட்டும்.

பூக்கும் பருவத்திலிருந்து பின்னோக்கி எண்ணித் தேதி குறிப்பதே மேல். அப்போது வெப்பம் 35-ஐத் தாண்டி, வறட்சியும் சேர்ந்தால் கதிரின் பட்டிழை காயும், மகரந்தம் செத்துப்போகும். கதிரில் மணி பிடிக்காது. பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் விழுந்த இடைவெளி நிரம்பாது.