கேம்பிங் லாந்தர் மாட்ட ஒரு மடக்கு ஸ்டாண்ட்

கொழுக்குமலை மாதிரி காத்து அடிக்கிற மேட்டுல டென்ட் போட்டா லாந்தர் மாட்ட பக்கத்துல ஒரு கெளை கூட இருக்காது, ஒத்தக் கம்பிய மண்ணுல குத்துற டைப்பும் பாறைத் தரையில எறங்காது, அதனால மூணு கால் ஸ்டாண்டுதான் சரி.

அலுமினியம் பைப் 75 செ.மீ. துண்டா ஆறு வாங்குங்க, ரெண்டு ரெண்டா சேத்தா ஒன்றரை மீட்டர்ல மூணு கால். ஜாயின்ட்டுக்கு உள்ள போற சின்ன பைப் 15 செ.மீ.ல மூணு, பாதிய ஒரு துண்டுக்குள்ள விட்டு ரிவெட் அடிச்சிருங்க, மறுபாதி சொருகி எடுக்க. இத மட்டும் கடையிலயே சொருகிப் பாத்து வாங்குங்க, லூசா இருந்தா கால் ஆடிக்கிட்டே இருக்கும்.

மேல் முனைக்கு 5 செ.மீ. கீழ ஓட்டை போட்டு விளிம்ப அரம் வச்சு நல்லா தேய்ங்க, இல்லன்னா பிசிறு கயிற அறுத்துரும். மூணுலயும் நைலான் கயிறு கோத்து கொஞ்சம் தளர்வா முடிச்சுப் போடுங்க, ரொம்ப இறுக்குனா கால் விரியாது. அந்த முடிச்சுல எஸ் கொக்கி.

கால் அடியில ரப்பர் புஷ், வழுக்கி அகலாம இருக்க கீழ சுத்தி ஒரு கயிறு. காத்துக்கு, ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில முடிச்சுலருந்து தரைக்கு ஒரு சாண் மேல தொங்கவிடுங்க, ரெண்டு கிலோ வெயிட் கெடைச்சிரும்.

இதெல்லாம் எல்இடி லாந்தருக்கு. கேஸ் லாந்தர்னா சூட்டுல நைலான் உருகிரும், மேல கயித்துக்குப் பதிலா கம்பி, தொங்கவிட செயின் போடுங்க, டென்டுக்குள்ள மட்டும் கொண்டு போகவே போகாதீங்க, அது எரியுறப்போ வர்ற கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயு உயிரையே எடுத்துரும்.