வாங்காமல் போனவரை எழுதி வையுங்கள்

தேனிப் பக்கத்திலிருந்து வேனில் வந்தவர் அந்த அக்கா. கால் கிலோ நெத்திலிப் பாக்கெட்டை எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார். பாக்கெட்டுக்கு வெளியிலிருந்தே ஒரு நெத்திலியை விரலால் அழுத்தினார், டக்கென்று ஒடிந்தது. நன்றாகக் காய்ந்த கருவாடு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. விலை கேட்டார், சொன்னேன், தலையாட்டினார். அப்புறம் ஒரு தடவை வேனைத் திரும்பிப் பார்த்தார். பாக்கெட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, "வர்றேன் தாயி" என்று போய்விட்டார்.

பாம்பனில் ரோட்டோரம் 11 வருடமாகக் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறேன். அன்றைக்கு நான் நினைத்தது, விலைதான் காரணம் என்று. மறுநாளே பாக்கெட்டுக்கு 20 ரூபாய் குறைத்தேன். விற்பனை கூடவில்லை, கையில் நின்ற காசுதான் குறைந்தது. ஒரு வாரம் கழித்து இன்னொரு அம்மா வாய்விட்டே கேட்டார்: "ஏம்மா, வேனுக்குள்ள வாடை அடிக்குமா? கூட வர்றவங்கள்ல ரெண்டு பேரு மீன் தொடமாட்டாங்க." அப்போதுதான் தேனி அக்கா வேனைத் திரும்பிப் பார்த்த அந்த ஒரு பார்வை எனக்குப் புரிந்தது. கருவாடு அவருக்குப் பிடித்திருந்தது, விலையும் ஒத்துப்போனது. ஆறு மணி நேரம் அதை மற்றவர்கள் முன்னால் வைத்துக்கொண்டு எப்படி உட்கார்வது என்பதுதான் அவருடைய கவலை.

அன்று இரவு ஒரு 40 பக்க நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் "வாங்காமல் போனவர்கள்" என்று எழுதினேன். வாங்கியவர் கணக்கு எல்லாக் கடையிலும் இருக்கிறது. வாங்காதவர் கணக்குதான் எங்கும் இல்லை. சின்னதாக வியாபாரம் செய்கிற யாராக இருந்தாலும் இந்த நோட்டை வைத்துக்கொள்ள வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன். எப்படி எழுதுவது, எப்படிப் படிப்பது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நோட்டில் என்ன எழுதுவது

மார்க்கெட்டிங் படிக்கிற பிள்ளைகள் இதை நுகர்வோர் நடத்தை என்பார்கள். ஒருவருக்கு ஒரு பொருள் வேண்டும் என்று தோன்றுவதிலிருந்து, வீட்டுக்குக் கொண்டுபோய் 'நல்லாத்தான் வாங்கியிருக்கோம்' என்றோ 'ஏமாந்துட்டோம்' என்றோ நினைக்கிற வரை உள்ள மொத்தப் பாதையும் அதில் அடங்கும். எங்கல், கொல்லாட், பிளாக்வெல் என்ற மூன்று அமெரிக்கப் பேராசிரியர்கள் 1968-ல் இதற்கு ஒரு வரைபடமே போட்டார்கள். தேவை தோன்றுவது, விசாரிப்பது, ஒப்பிடுவது, வாங்குவது, வாங்கிய பின் எடைபோடுவது என்று ஐந்து படியாக இன்றைக்கும் பாடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். எனக்கு இதில் பிடித்தது ஒன்றுதான்: வாங்காமல் போகிறவர் இந்தப் பாதையில் எந்த இடத்தில் இறங்கிப் போனார் என்று கேட்க முடிகிறது. தேனி அக்கா விசாரித்தார், ஒப்பிட்டார், பிடித்தும் போனது. காசு கொடுக்கிற இடத்துக்கு ஒரு அடி முன்னால் இறங்கிவிட்டார். அவரிடம் போய்க் கருவாட்டின் தரத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்?

ஆள் போன உடனே எழுத வேண்டும். சாயங்காலம் எழுதலாம் என்று விட்டால் ஞாபகம் நம் இஷ்டத்துக்குக் கதை கட்டும். ஒருவருக்கு ஒரு வரி போதும்: எத்தனை மணி, யாரோடு வந்தார், முதலில் எதைத் தொட்டார், கடைசியாக என்ன கேட்டார், கீழே வைக்கும்போது எதைப் பார்த்தார். பெயர் வேண்டாம், போன் நம்பரும் வேண்டாம். அவராகக் கொடுத்தால் தவிர அதைக் கேட்க நமக்கு உரிமை இல்லை. என் நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: "காலை 11, மாமியார் மருமகள், சீலா, 'ரொம்ப உப்பா?', மாமியார் முகம்." மருமகளுக்கு வாங்க ஆசை, வீட்டில் யாருக்கோ ரத்தக் கொதிப்பு, முடிவு மாமியாருடையது. ஒரு வரியில் இவ்வளவு இருக்கிறது.

இதில் வாய்ச்சொல்லை அப்படியே நம்பிவிடக் கூடாது. "விலை ஜாஸ்தி" என்பது பாதி நேரம் மரியாதையாகக் கழன்றுகொள்வதற்கான சொல். பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு வழி இருக்கிறது. விலைதான் தடை என்றால் ஆள் பேரம் பேசுவார். "ரெண்டு பாக்கெட் எடுத்தா எவ்வளவு?" என்பார், நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். பேரமே பேசாமல் கீழே வைக்கிறவருக்கு விலை காரணம் இல்லை. அவரிடம் போய் விலையைக் குறைத்தால், 'அப்போ சரக்குல ஏதோ குறை இருக்கு' என்றுதான் நினைப்பார்.

"ஏன் வேண்டாம்?" என்று கேட்கவே கூடாது; குற்றம் சாட்டுவது போல இருக்கும். "யாருக்கு வாங்குறீங்க?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கு ஜனங்கள் கதையே சொல்வார்கள். கீழக்கரையிலிருந்து வந்த ஒரு பெரியம்மா, துபாயில் இருக்கும் மகனுக்கு என்றார். "ஒரு ரூம்ல ஆறு பேரும்மா. வாசம் வெளிய வந்தா என் புள்ளைக்குத்தான் சங்கடம்." தேனிக்காரருக்கு வேன், கீழக்கரை அம்மாவுக்கு மகனுடைய அறை. ஊர் வேறு, மதம் வேறு, கவலை ஒன்றே. வயது என்ன, ஆணா பெண்ணா, வருமானம் எவ்வளவு என்று வாடிக்கையாளரைப் பிரிக்கச் சொல்வார்கள். அதைவிட, எந்தக் கவலையோடு வருகிறார் என்று பிரித்தால் என்ன செய்வது என்று உடனே தெரிகிறது.

நான் செய்தது, காற்றை உறிஞ்சி ஒட்டும் வேக்யூம் பேக்கிங் மெஷின் ஒன்று வாங்கியது. முதல் தடவை தோற்றுப்போனேன். ஐப்பசி மழை மூட்டத்தில் முழுக்கக் காயாத சாளையை அவசரப்பட்டு அடைத்துவிட்டேன். பத்து நாளில் பூசணம் பூத்துவிட்டதாகப் போன் வந்தது. வாங்கிய எல்லோருக்கும் பணத்தைத் திருப்பி அனுப்பினேன். ஈரம் போகாத கருவாட்டை எந்த மெஷினும் காப்பாற்றாது. இப்போது வெயில் சரியில்லாத நாளில் அடைப்பதே இல்லை. நன்றாகக் காய்ந்த கருவாட்டுப் பாக்கெட்டை வாடிக்கையாளர் கையிலேயே கொடுத்து, "மோந்து பாருங்க" என்கிறேன். அதற்கு மேல் பேச்சு தேவைப்படவில்லை.

நேரமும் இடமும்

ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் எள் போட இடம் இருக்காது. கடை வைத்த இரண்டாம் வருடம், இவ்வளவு கூட்டமா என்று மதுரைப் பக்கமிருந்து கோயிலுக்குப் போகும் திசையில், ரோட்டின் இடதுபுறம் கூடுதலாக ஒரு பந்தல் போட்டு, சரக்கை மலைபோல் குவித்தேன். ஒருவர்கூடத் தொடவில்லை. அக்னி தீர்த்தத்தில் முழுகி, 22 தீர்த்தமும் ஆடி, முன்னோருக்குத் திதி கொடுக்கப் போகிறவர் கையில் கருவாட்டை எடுப்பாரா? அதே ஜனங்கள்தான் காரியம் முடிந்து மறுநாள் திரும்பும்போது பாலத்தில் வேடிக்கை பார்க்க நிறுத்தி, "நல்ல கருவாடு எங்க கிடைக்கும்?" என்று விசாரிக்கிறார்கள். ஆள் அதே ஆள். போகும்போது இருந்த மனது வேறு, வரும்போது இருக்கிற மனது வேறு. இப்போது என் கடை தீவிலிருந்து மண்டபம் பக்கம் திரும்பும் வண்டிகளுக்கு இடது கைப்பக்கம் இருக்கிறது. ரோட்டைக் கடக்காமல் இறங்கி ஏறலாம். இடம் மாற்றியது நான் செய்த எல்லாவற்றையும்விடப் பெரிய மார்க்கெட்டிங். விளம்பரத்துக்கு ஒரு பைசா செலவில்லை.

புரட்டாசியில் உள்ளூர் விற்பனையே படுத்துவிடும். கார்த்திகை, மார்கழியில் மாலை போட்ட சாமிமார்கள் வருவார்கள். அவர்களுக்குப் பனங்கற்கண்டும் கருப்பட்டியும் தனி மேஜையில், கருவாட்டிலிருந்து தள்ளி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப்படகு போனாலும் மீன் வரத்து குறைந்து பச்சை மீன் விலை ஏறிவிடும், பழைய சோற்றுக்கு உள்ளூர்க்காரர்கள் கருவாட்டைத் தேடி வருவார்கள். அதனால்தான் சொல்கிறேன்: நோட்டை ஒப்பிடும்போது அமாவாசையை அமாவாசையோடு ஒப்பிடுங்கள், தடைக்காலத்தைத் தடைக்காலத்தோடு ஒப்பிடுங்கள். புரட்டாசியில் பேக்கிங் மாற்றிவிட்டு, ஐப்பசியில் விற்பனை கூடியதைப் பார்த்து 'என் பேக்கிங்தான் காரணம்' என்று நினைத்தால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், குறைந்தது இரண்டு வாரம்.

ரயில் விஷயத்தையும் சொல்ல வேண்டும். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் திறக்கும் வரை ரயிலில் வந்தவர்கள் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கி பஸ் பிடித்தார்கள். நோட்டைப் புரட்டினால் அந்தக் காலம் முழுக்க "பஸ்ல கொண்டுபோகலாமா" என்ற கேள்விதான். பாலம் திறந்த பிறகு அது "ஏசி பெட்டியில வாடை வருமா" என்று மாறியிருக்கிறது. நான் வேக்யூம் பாக்கெட்டுக்கு மேல் இன்னொரு ஜிப் கவர் போட ஆரம்பித்தது அந்த ஒரு வரியால்.

எத்தனை வகை, எவ்வளவு பெரிய பாக்கெட்

முன்பெல்லாம் 14 வகைக் கருவாட்டையும் முன்னால் பரப்பியிருப்பேன். வெளியூர்க்காரர்கள் பார்த்துக்கொண்டே நிற்பார்கள், "அப்புறம் வர்றோம்" என்பார்கள். 2000-த்தில் ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் இருவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு கடையில் 24 வகை ஜாமை வைத்தபோது நின்று பார்த்தவர்களில் 3 சதவீதம் பேர் வாங்கினார்கள். 6 வகை மட்டும் வைத்தபோது 30 சதவீதம் பேர். ஆனால் பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் இதே முடிவு வரவில்லை. அதனால் யார் சொன்னாலும் நம் கடையில் வைத்துப் பார்த்துவிட வேண்டும். என் கடையில் வெளியூர்க்காரருக்கு ஐந்து வகை சரியாக இருக்கிறது. உள்ளூர் அக்காமார்களோ காரல் எங்கே, திருக்கை எங்கே, கட்டா எங்கே என்று கேட்பார்கள். அவர்களுக்கு 14 வகையும் வேண்டும். அதனால் முன்னால் ஐந்து, உள்ளே மீதி.

பாக்கெட் அளவுக்கு நம் கடலூரிலேயே பாடம் இருக்கிறது. சின்னி கிருஷ்ணன் அங்கேதான் சாஷே என்ற சின்னஞ்சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் முறைக்கு வழி போட்டார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் தொழில் தொடங்கி, சிக் ஷாம்பு சாஷேயைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார். அன்றாடம் கூலி வாங்குகிறவர் அன்றைக்குக் கையில் உள்ளதை வைத்துத்தான் வாங்குவார். மாதச் சம்பளக்காரர் போலக் கணக்குப் போட மாட்டார். என் 100 கிராம் பாக்கெட் அப்படி வந்தது. ஆனால் அதை அதிகம் எடுப்பவர் வேறு ஆள்: முதல் தடவை வாங்கும் வெளியூர்க்காரர். சரியில்லை என்றாலும் போகிற காசு கொஞ்சம்தான் என்பது அவருக்குத் தைரியம்.

கானெமன், ட்வெர்ஸ்கி என்ற இருவர் 1979-ல் எழுதியது இதுதான்: நூறு ரூபாய் கிடைக்கிற சந்தோஷத்தைவிட நூறு ரூபாய் போகிற வலி மனிதருக்குப் பெரிது. "ஒரு கிலோ எடுத்தா நூறு கிராம் கூட" என்று எழுதிப் போட்டிருந்தேன். அதை எடுத்துவிட்டு, "மணல் இருந்தால் பணம் வாபஸ்" என்று எழுதினேன். வலையில் கட்டி, தரையில் படாமல் காயவைப்பதால் தைரியமாக எழுத முடிந்தது. மணலில் காயவைக்கிறவர் இந்த வரியை எழுதக் கூடாது. வாடிக்கையாளர் மனதைத் தெரிந்துகொள்வது அவர் பயத்தைப் போக்குவதற்கு. அந்தப் பயத்தை வைத்தே எடைக்கு உப்பைத் திணித்து விற்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. அவர்கள் ஒருவரை ஏமாற்றினால் இந்தக் கரையில் பத்துக் கடைக்குப் பெயர் கெடுகிறது.

விற்ற பிறகும் பாதை முடியவில்லை. பாக்கெட்டுக்குள் சின்னத் துண்டுச் சீட்டு வைக்கிறேன்: நெத்திலியைத் தலை கிள்ளி வெந்நீரில் பத்து நிமிடம், உப்புச் சீலா என்றால் அரை மணி நேரம், மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவவும். உப்பாக இருந்தது என்று முன்பு வந்த போன்களில் பலவும் ஊறவைக்காமல் சமைத்தவர்களுடையவை.

ஞாயிற்றுக்கிழமை இரவு கடையடைத்த பிறகு நோட்டைப் படிப்பேன். மூன்று முறைக்கு மேல் வந்த கேள்விக்குச் சிவப்பு மையில் கோடு. போன வாரம் கோடு போட்டது, ஹாஸ்டலில் இருக்கும் பெண் பிள்ளைகள் கேட்டது: "அக்கா, எங்ககிட்ட கெட்டில் மட்டும்தான் இருக்கு." நெத்திலியை வறுத்து, நம்ம ஊர் குண்டு மிளகாயும் பூண்டும் சேர்த்து, சோற்றில் பிசைந்து சாப்பிடுகிற மாதிரி பொடி இடித்துப் பார்த்திருக்கிறேன். முதல் ஈடு காரம் கூடிவிட்டது. இரண்டாவதை இந்தச் சனிக்கிழமை இடிக்கிறேன். 50 கிராம் பாக்கெட்டில் பத்து மட்டும் போட்டு முன் மேஜையில் வைக்கப் போகிறேன், நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.